இரண்டு விகிதம், ஒரே எண்கள்: கைவர்க்கச் சோதனை சொல்லாதது

வெள்ளைப் பூச்செடி இரண்டைக் கலந்தால் வெள்ளைப் பூதானே வரவேண்டும்? பேற்சனும் பனற்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சுவீற் பீ' செடிகளில் செய்த ஒரு கலப்பில் அப்படி வரவில்லை. முதல் தலைமுறை முழுக்க ஊதா. அவற்றின் தன்மகரந்தச் சேர்க்கையால் கிடைத்த 651 செடிகளில் 382 நிறமுள்ளவை, 269 வெள்ளை.

அவர்கள் தந்த விளக்கம் 9:7. நிறப்பொருள் உண்டாக இரண்டு பரம்பரையலகுகள் வேண்டும். இரண்டிலும் ஆட்சியான எதிருரு ஒன்றாவது இருக்கவேண்டும். எதில் குறைந்தாலும் பூ வெள்ளைதான். ஆகவே நமக்குப் பழக்கமான 9:3:3:1 இல் கடைசி மூன்றும் சேர்ந்து ஏழாகிவிடுகின்றன.

ஆனால் 9:7 என்றால் 366.2 உம் 284.8 உம் அல்லவா வரவேண்டும்? இந்த 15.8 வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு "கிட்டத்தட்டச் சரிதானே" என்று போக ஏலாது. ஒவ்வொரு வகுப்பிலும் வித்தியாசத்தை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, கூட்டவேண்டும்: 0.68 + 0.88 = 1.56. வகுப்புகள் இரண்டு என்பதால் சுயாதீனப் படி 1. 5 சதவீத மட்டத்தில் எல்லை 3.84. 9:7 தப்பியது. 3:1 ஐ வைத்துப் பார்த்தால் பெறுமானம் 92 ஐத் தாண்டுகிறது, அது கழிந்தது. (இந்தச் சோதனையை 1900 இல் தந்த கார்ல் பியர்சன், பேற்சனின் கடும் எதிராளி என்பது வேறு கதை.)

உயர்தரப் பிள்ளைகள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எல்லைக்குள் வந்தால் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையில் 100 கோழிக்குஞ்சுகள். 78 வெள்ளை, 22 நிறமுள்ளவை. 3:1 க்குக் கைவர்க்கம் 0.48. 13:3 க்கு 0.69. இரண்டுமே தாராளமாக எல்லைக்குள்! எது உண்மை? சோதனைக்குத் தெரியாது. 0.48 சிறியது என்பதற்காக 3:1 ஐத் தூக்கிப்பிடிப்பதும் வீண்வேலை.

அதே வீதத்தில் 1000 குஞ்சுகள், 780 உம் 220 உம் என்றால் பெறுமானங்கள் பத்து மடங்காகி 4.8, 6.9 ஆகின்றன. இரண்டுமே கழிந்துவிடும்! எண்ணிக்கையைச் சதவீதமாக்கிக் கணக்குச் செய்யக்கூடாது என்பது இதனால்தான். சதவீதம் ஆயிரத்தையும் நூறாக்கிவிடும்.

நூறு குஞ்சு மட்டும் கையில் இருந்தால் என்ன செய்வது? நிறக்குஞ்சுகளை வளர்த்துத் தங்களுக்குள் இணையவிட வேண்டும். 3:1 இல் நிறம் பின்னிடைவானது. அவற்றின் குஞ்சுகளில் வெள்ளை வராது. 13:3 இல் ஒரு பரம்பரையலகின் ஆட்சியான எதிருரு நிறத்தைத் தடுக்கிறது. மற்றதன் ஆட்சியான எதிருரு இல்லாவிட்டால் நிறமே உண்டாகாது. அங்கே நிறக்கோழிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த இரண்டாவது பரம்பரையலகில் கலப்பானவை. ஆகவே போதிய குஞ்சுகள் பொரித்தால் வெள்ளை திரும்பவும் தலைகாட்டும்.