உழைத்துக் கற்றல்

கல்வி பெறுவதற்கு அறிவும் ஆர்வமும் மட்டும் போதா, பொருளும் வேண்டும். உணவு, உறையுள், நூல்கள், கல்லூரிக் கட்டணம் ஆகிய யாவற்றிற்கும் பணம் இன்றியமையாதது. பெற்றோர் செல்வராயின் பிள்ளைக்குக் கவலை இல்லை. அவர் வறியராயின், அக்காரணத்தாலேயே பிள்ளையின் கல்வி தடைப்படுதல் முறையாகுமா? இவ்வினாவிற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட விடை, உதவித்தொகையும் உழைப்பும் ஒருங்கே அமைந்ததாகும்.

பயிலும் காலத்திலேயே உழைத்துப் பொருளீட்டுதல் அந்நாட்டில் பழைய வழக்கம். கென்டக்கி மாநிலத்தில் 1855-ஆம் ஆண்டில் தோன்றிய பெரியா கல்லூரி, 1892 முதல் மாணவரிடம் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. அங்குப் பயில்வோர் அனைவரும் வாரத்திற்கு 10 மணி நேரமேனும் கல்லூரிப் பணிகளைச் செய்தல் வேண்டும். 1930-களில் நாடெங்கும் வேலையின்மை பெருகியபோது, மாணவர் கல்வியை இடையில் விட்டுவிடாதிருக்க அரசே முன்வந்தது. 1935-ஆம் ஆண்டில் ஏற்பட்ட தேசிய இளைஞர் நிருவாகம் அவர்களுக்குப் பகுதிநேர வேலை தந்து உதவியது. அது 1943 வரை நடைபெற்றது.

அந்நிருவாகத்தின் டெக்சாஸ் மாநிலப் பொறுப்பை முதலில் ஏற்றவர் லிண்டன் ஜான்சன் என்னும் இளைஞர். வறுமையின் வாட்டத்தை அவர் நன்கு அறிந்தவர். 1927-ஆம் ஆண்டில் சான் மார்க்கோஸ் நகரத்து ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்த அவர், அக்கல்லூரியின் தரையைப் பெருக்கிக் கூலி பெற்றார், காலுறை விற்றார். பொருள் முட்டுப்பாட்டால் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டு, கொட்டுல்லா என்னும் சிற்றூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் இருந்தார்; மீண்டும் வந்து கற்று, 1930-இல் பட்டம் பெற்றார். பின்னாளில் அவரே நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1964-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வாயிலாக, குறைந்த வருவாயுள்ள குடும்பத்து மாணவர்க்குக் கல்லூரியிலேயே வேலை அளிக்கும் திட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டில் உயர்கல்விச் சட்டம் அத்திட்டத்தை உறுதிப்படுத்தியது. தாம் தரை பெருக்கிய அதே கல்லூரிக்கு 1965 நவம்பர் 8-ஆம் நாள் சென்று, ஜான்சன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார்.

இத்திட்டம் நடைபெறும் முறை அறியத்தக்கது. உதவி நாடும் மாணவன் அரசின் விண்ணப்பத்தாளை நிரப்புதல் வேண்டும். அதில் அவனுடைய வருவாயோடு பெற்றோரின் வருவாயும், சேமிப்பு முதலிய உடைமைகளும் கணக்கிடப்படும். குடும்பத்தினர் எத்துணைப் பேர் என்பதும் கருதப்படும். இவற்றிலிருந்து ஓர் எண் பெறப்படுகின்றது. கல்லூரியில் ஓராண்டு பயில ஆகும் மொத்தச் செலவிலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் எஞ்சுவதே மாணவனின் தேவை.

எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரியில் ஆண்டுச் செலவு 30,000 டாலர் என்று கொள்வோம். ஒரு மாணவனுக்குக் கணக்கில் வந்த எண் 5,000 எனின், அவன் தேவை 25,000 டாலர். மற்றொருவனுக்கு அவ்வெண் 32,000 எனின், அவனுக்குத் தேவை ஒன்றும் இல்லை என்பது முடிவு. இருவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே பாடத்தைக் கற்பினும், பெற்றோர் வருவாய் அவர்களை வேறு வேறு நிலையில் நிறுத்திவிடுகின்றது.

தேவையுள்ளோர்க்குக் கிடைக்கும் உதவி மூவகைப்படும். திருப்பித் தரவேண்டாத மானியம் ஒன்று. 1972-இல் தொடங்கப்பெற்று, 1980 முதல் பெல் என்னும் மேலவை உறுப்பினரின் பெயரால் வழங்கும் மானியம் இவ்வகையினது. 2025-26 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 7,395 டாலர். இரண்டாவது, படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் கடன். மூன்றாவது, கல்லூரி வேலை. நூலகத்தில் நூல்களை அடுக்குதல், ஆய்வுக்கூடத்தில் துணைபுரிதல், உணவுக்கூடத்தில் பரிமாறுதல், சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தருதல் போன்றவை அவ்வேலைகள். கூலியின் பெரும்பகுதியைப் பொதுவாக நடுவண் அரசே ஏற்கின்றது. எஞ்சியதைக் கல்லூரி தருகின்றது. ஆகவே, இவ்வேலைகள் தேவையுள்ள மாணவர்க்கே ஒதுக்கப்படுகின்றன. ஏனையோர் கல்லூரி தன் பொருளால் நடத்தும் வேறு வேலைகளையே நாடவேண்டும்.

இவ்வேலையில் மற்றொரு நன்மையும் உண்டு. மாணவன் வெளியே வேலை செய்து பொருளீட்டினால், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வருவாயில் பாதி, பின்வரும் கணக்கில் அவன் செலுத்தக்கூடிய தொகையாகக் கொள்ளப்படும்; அதனால் உதவி குறையலாம். ஆனால், இத்திட்டத்தின்வழிப் பெறும் கூலி அக்கணக்கில் சேர்வதில்லை. உழைத்ததனாலேயே உதவியை இழக்கும் இடர் இதில் இல்லை.

எனினும், குறைகளும் இல்லாமல் இல்லை. கல்லூரிகளுக்கு அரசு ஒதுக்கும் தொகை அளவுடையது. அது தீர்ந்தபின் வருவோர், வறியராயினும் வேலையின்றித் திரும்புவர். பெற்றோர் வருவாய் இரண்டாண்டுகளுக்கு முந்தைய வரிக்கணக்கைக் கொண்டே அளக்கப்படுகின்றது. அன்று நன்றாக ஈட்டிய தந்தை இன்று வேலை இழந்திருக்கலாம். அந்நிலையில் மாணவன் கல்லூரி அலுவலரிடம் சான்று காட்டி முறையிட்டால், அவர் கணக்கைத் திருத்த இடமுண்டு. இவ்வழியை அறியாதோர் வாளா இருந்து இழப்பர்.

இவற்றினும் கடியதொரு துன்பம் உண்டு. 24 வயது நிறையாத, மணமாகாத மாணவர், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோரைச் சார்ந்தவராகவே கருதப்படுவர். தந்தை செல்வராயிருந்தும் மகனுக்கு ஒரு காசும் தர மறுத்தால் என் செய்வது? மறுப்பு ஒன்றே விலக்குக்குக் காரணமாகாது. தந்தையின் செல்வம் கணக்கில் இருக்கும். மகனின் கையில் இராது. பெயரளவில் செல்வன், உண்மையில் வறியன். இவ்விளைஞன் மானியமும் பெறான். ஒதுக்கப்பட்ட வேலையும் பெறான். வட்டி முழுவதையும் தானே சுமக்கும் கடனும், வெளியே நெடுநேரம் செய்யும் வேலையுமே அவனுக்கு எஞ்சுவன. மாலை முழுதும் வேலை செய்து களைத்தவன் இரவில் எவ்வாறு கற்பான்?

ஆயினும், மறுப்பையே காரணமாக ஏற்றால், தரவல்ல பெற்றோரும் தம் கடமையைப் பொதுப்பணத்தின்மீது சுமத்திவிடுவர் என்பதே இவ்விதியின் நோக்கம். அந்நோக்கம் நேரியதே. வருவாயை அளக்கும் கோல் எத்துணை நுட்பமானதாயினும், வீட்டினுள் நிகழும் யாவற்றையும் அஃது அளந்துவிடாது. ஆதலால், விதியைக் காப்பதோடு, விதிக்குள் அடங்காத துன்பத்தைச் செவிமடுக்கும் அலுவலரும் வேண்டும்.

கல்லூரியின் தரையைப் பெருக்கிய கையே பின்னர் ஒரு நாட்டின் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டது. உழைத்துக் கற்றல் இழிவன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? பெற்றோரின் வறுமை பிள்ளையின் குற்றமன்று. அவர்தம் செல்வம் பிள்ளையின் தகுதியும் அன்று. கற்க விழைவோனுக்கு வாயில் திறந்திருக்கச் செய்தலே நாகரிகச் சமுதாயத்தின் கடமையாகும்.