‘இருமு கண்ணே, இருமு!’

குழந்தைக்கு இருதய ஆபரேஷன் முடிந்துவிட்டது. தொண்டையில் இருந்த சுவாசக் குழாயையும் எடுத்தாகிவிட்டது. கண் விழித்த குழந்தை லேசாக இருமுகிறது. பக்கத்தில் இருக்கும் தாய் பதறிப் போகிறாள்.

“ஐயோ, தையல் பிரிந்து விடுமே! இருமாதே, கண்ணே!”

நர்ஸ் அம்மாளோ புன்சிரிப்புடன், “நன்றாக இருமச் சொல்லுங்கள், அம்மா!” என்கிறார்.

யார் சொல்வது சரி? நர்ஸ் சொல்வதுதான் சரி!

யந்திரம் செய்த வேலை

1953-ம் ஆண்டு மே 6-ந் தேதி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் ஓர் அதிசயம் செய்தார். பிறவியிலேயே இருதயச் சுவரில் ஓட்டை இருந்த 18 வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன். 26 நிமிஷ நேரம் இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரமே செய்தது. பெண் பிழைத்தாள். இன்று பச்சிளங் குழந்தைகளுக்குக்கூட அந்த வழியில் ஆபரேஷன் நடக்கிறது.

ஆனால், யந்திரத்தில் ஓடித் திரும்பிய ரத்தத்தால் நுரையீரலில் நீர் கோத்துக் கொள்வதுண்டு. வலிக்குப் பயந்து குழந்தை ஆழ்ந்து மூச்சு விடாது. சளி தேங்கும். அடைபட்ட பகுதி காற்றுப் போன பலூன்போலச் சுருங்கும், கிருமிகள் குடியேறும். பெரியவர்களுக்குத் தொந்தரவு தராத சளிகூட, குழந்தையின் குறுகிய மூச்சுக் குழலை அடைத்துவிடும்.

சுவாசக் குழாய் இருக்கும்வரை நர்ஸ் சளியை உறிஞ்சி எடுப்பார். அதுவும் தேவையானபோது மட்டும்தான். சில குழந்தைகளுக்கு அச்சமயம் நுரையீரல் ரத்தக் குழாய்கள் திடீரென இறுகி, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

விளையாட்டே வைத்தியம்

குழாயை எடுத்த பிறகு இருமல்தான் துணை. வலிக்கு மருந்து கொடுத்து, மெத்தென்ற பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். சற்றே வளர்ந்த குழந்தைகள் சோப்புக் குமிழி ஊதலாம். காகிதக் காற்றாடியை ஊதிச் சுழற்றலாம். ஊதுவதற்காக இழுக்கும் ஆழ்ந்த மூச்சு, சுருங்கிய நுரையீரலை விரிய வைக்கிறது!

வீட்டுக்கு வந்தபின்

நடு மார்பெலும்பைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால், 6 முதல் 8 வாரம்வரை குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை தோளுக்கும் தலைக்கும் கீழே, மறு கை பிட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். சிகரெட் புகை, அடுப்புப் புகை அண்டக் கூடாது. ஜலதோஷக்காரர்கள் எட்டியே இருக்கட்டும். கை கழுவாமல் யாரும் தொட வேண்டாம்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50-க்கு மேலும், 1 முதல் 5 வயதுவரை 40-க்கு மேலும் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு புதிதாக நீலம் பூத்தாலோ தாமதம் கூடாது, உடனே ஆஸ்பத்திரி!

டாக்டரின் கத்தி ஓட்டையை அடைக்கும். அடைத்த இருதயத்துக்குப் பிராண வாயு ஊட்டுவது குழந்தையின் மூச்சு. ஆகவே தாய்மார்களே, பயத்தை விடுங்கள். மார்போடு பொம்மையை அணைத்துக் கொடுத்து, வாய் நிறையச் சொல்லுங்கள்: “இருமு கண்ணே, இருமு!”