கீழாநெல்லிக்கு ஓர் ஆடிட்!

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பேர் வாங்கியது. சிதம்பரத்துக்குத் தில்லை மரத்தால் தில்லை என்று பேர். மரத்தின் பேரிலேயே குடியிருக்கிற நம்மவர்களிடம், வாசல் சிமென்ட் விரிசலில் முளைத்த செடியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். “ஏதோ களை சார்!”

அதே ஆசாமிக்குக் கண் மஞ்சளாகட்டும்... ஊரே கீழாநெல்லி நிபுணர்! கடலூர் நண்பர் ஒருவருக்குக் காமாலை வந்தபோது, ஆபீஸில் மூன்று பேர் மூன்று கட்டு பறித்து வந்தார்கள். மூன்றும் மூன்று தினுசு. எதை அரைப்பது?

கட்டுகளோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். தெரிந்த தாவரவியல் வாத்தியார் லென்ஸை நீட்டினார். “பி.காம்.தானே? வவுச்சர் பார்க்கிற மாதிரி டிக் பண்ணுங்க!”

முதல் டிக், இலை. புளிய இலை போல வரிசையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு குட்டி இலையின் இடுக்கிலும் பூ! நிஜமான கூட்டிலையில் அப்படிப் பூக்காது. ஆக, நாம் இலை என்று நினைப்பது ஒரு கிளை.

இரண்டாவது, பூ. அல்லி இதழே கிடையாது. வெளிறிய புல்லி மடல் 5. நம் பக்கத்துப் பங்காளிச் செடிகள் பலவற்றுக்கு 6.

மூன்றாவது, காய். மழமழவென்று, சின்னக் காம்பில் இலைக்குக் கீழே தொங்கும். காம்பே இல்லாமல், சொரசொரவென்று ஒட்டியிருந்தால் அது வேறு ஆள்.

நான்காவது, விதை. முதுகில் நீளவாக்கில் வரிகள். வரிகள் குறுக்கே ஓடினால் மேற்படி சொரசொர ஆசாமி!

மூன்று கட்டில் பாஸானது ஒன்றுதான். நல்லவேளை, அதற்குள் நண்பரை அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போயிருந்தார்.

“விஞ்ஞானிகளே குழம்பினதுதான் சார்” என்றார் வாத்தியார். நம் நூல்களில் இதை வெகுகாலம் ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்றே எழுதினார்கள். நிஜ நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துப் பிரஜை! அந்தப் பேரில் இங்கே அமாரஸ், ஃப்ரெட்டர்னஸ், டெபிலிஸ் என மூன்று செடிகள் பினாமியாக ஒளிந்திருப்பதை 1985-ல் மித்ராவும் ஜெயினும் பிரித்துக் காட்டினார்கள். நம் கீழாநெல்லி, அமாரஸ்.

பேரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1988-ல் சென்னை டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு அமாரஸ் தூள் கொடுத்தது. 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி எது என்று தெரியாவிட்டால் இந்தக் கணக்கை டாலி பண்ணவே முடியாது.

இன்னொன்று. காமாலை ஓர் அறிகுறிதான். பித்தப்பைக் கல் வந்து குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அதை எந்தக் கட்டும் கரைக்காது.

ஆகவே செடியை நீங்கள் லென்ஸில் பாருங்கள், கண்ணை டாக்டர் பார்க்கட்டும். மாற்றிச் செய்துவிடாதீர்கள்!