கண்டிப்பேட் ஏரி: வீக்கெண்ட் ஸ்பாட் மட்டும்தானா?

கச்சிபவுலியில் ஐடி வேலையா? சில்கூர் 'விசா பாலாஜி' கோயிலில் 11 சுற்று முடிச்சிட்டு, அப்படியே கண்டிப்பேட் ஏரிக்கும் போயிருப்பீங்க. அந்த ஏரி எதுக்கு வந்தது தெரியுமா?

1908 செப்டம்பரில் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைப்படி, வெள்ளத்தைத் தடுக்க நிஜாம் அரசு 1920-ல் கட்டி முடித்த அணைதான் இந்த உஸ்மான் சாகர். குடிநீரும் தந்தது.

சுற்றிலும் பச்சை மிஞ்சியது எப்படி? 1996-ல் வந்த அரசாணை 111தான் காரணம். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் இரண்டையும் சுற்றி 10 கி.மீ.க்குள், 84 கிராமங்களில் ஆலைகள், பெரிய ஹோட்டல்கள், குடியிருப்புகளுக்குத் தடை. 2022-ல் அரசாணை 69 இதைத் தளர்த்தியது.

மழைநீர் வரும் வழியெல்லாம் கட்டடமானால், வியூ மட்டும் போகாது; கீழே இருக்கும் நகரத்தின் பாதுகாப்பும் போகும்.