இரவல் கோவில்கள்

மொன்றியலின் புரட்டஸ்தாந்து சபைகள் தொடக்கத்தில் கத்தோலிக்கரின் கூரையின் கீழேயே வழிபட்டன. 1760இல் நகரம் பிரித்தானியரிடம் வீழ்ந்தபின் அங்கிலிக்கன் சபையார் றெக்கொலே துறவிகளின் கோவிலைப் பயன்படுத்தினர். 1789இல் அவர்களுக்கு யேசுசபையினரின் சிற்றாலயம் கிடைத்தது. 1791இல் ஸ்கொட்லாந்துப் பிரெஸ்பிற்றேரியரும் றெக்கொலே கோவிலில் இடம் பெற்றனர். துறவிகள் வாடகை வாங்கவில்லை. நன்றியாகத் தரப்பட்ட இரண்டு பீப்பாய் ஸ்பானிய வைனையும் ஒரு பெட்டி மெழுகுதிரியையும் மட்டும் ஏற்றனர். 1792இல் பிரெஸ்பிற்றேரியர் சென். கப்ரியேல் வீதியில் சொந்தக் கோவில் கட்டினர். 1803இல் அங்கிலிக்கரின் சிற்றாலயம் தீக்கிரையானபோது அக்கோவில் அவர்களுக்கும் இடங்கொடுத்தது.

இதைச் சகிப்புத்தன்மையின் கதையாக மட்டும் வாசிக்க முடியாது. றெக்கொலேயினர் புதிய துறவிகளைச் சேர்க்கப் பிரித்தானிய ஆட்சி தடைவிதித்திருந்தது. மறுக்கும் வலுவற்றவரின் விருந்தோம்பலை எப்படி அளப்பது? ஆயினும் எமது வட்டுக்கோட்டையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கு போர்த்துக்கேயரின் கத்தோலிக்கக் கோவிலை ஒல்லாந்தர் தமது சபைக்கு எடுத்துக்கொண்டனர். பின்னர் அது அமெரிக்க மிசனிடம் போனது. ஆட்சி மாற, கோவிலும் மாறியது. முன்னிருந்தவரிடம் எவரும் கேட்கவில்லை. மொன்றியலில் குறைந்தபட்சம் கேட்டார்கள், நன்றியும் சொன்னார்கள்.

கவனிக்கவேண்டியது இன்னொன்று. இரவல் பெற்றவர்கள் பன்னிரண்டே ஆண்டுகளில் இரவல் கொடுப்பவர்களாயினர். பிறர் மண்டபங்களில் கூடிப் பழகிய நாம், சொந்தக் கதவு கிடைத்தபின் அதை யாருக்குத் திறப்போம்?