வந்தாறுமூலையில் விவசாயம் பயிலும் மாணவர்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கேயுள்ள வந்தாறுமூலையில் 1981 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகக் கல்லூரியொன்று தொடங்கப்பட்டது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குள்ள விவசாயபீடத்தில் மாணவர் நான்கு ஆண்டுகள் பயின்று பட்டம் பெறுகின்றனர்.

வயலோரத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே கற்பதற்கு என்ன உண்டு என வினவும் கமக்காரரும் உளர். மண்வெட்டி பிடிக்க அப்பிள்ளை அறியும். எண்ணியும் அளந்தும் பார்க்க அறியாது. விதைநெல்லைக் கடித்துப் பார்ப்பது வீட்டு வழக்கம். அதனால் நெல் காய்ந்தமை தெரியுமேயன்றி முளைக்குமா என்பது தெரியாது. மாணவரோ 100 நெல்மணிகளை ஈரத்துணியிற் பரப்பிச் சுற்றி, ஈரம் உலராது நிழலில் வைத்து, சில நாட்களில் முளைத்தவற்றை எண்ணுவர். 85 இற்குக் குறைந்தால் அது நல்ல விதையன்று.

அவ்வூர் நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. நீரையும் பசளையையும் தாங்கிநில்லாது. கத்தரிப் பாத்திக்கு யூரியாவை ஒரே முறையில் இட்டால், ஒரு பெருமழையில் அது வேருக்குக் கீழே கழுவுண்டு போகும். ஆகவே பசளையைப் பிரித்து இடவும், மக்கிய எருவைச் சேர்க்கவும் அங்கே பயில்வர். இலை மஞ்சளாவதைக் கண்ணாரக் கண்ட மாணவர் அப்பாடத்தை மறப்பதரிது.

இடர்ப்பாடு ஒன்றுண்டு. பாடங்கள் ஆங்கிலத்திலே நடைபெறுகின்றன. விடுமுறையில் வீடு செல்லும் பிள்ளை, கற்றதைத் தந்தைக்குத் தமிழில் விளக்க முயன்று சொல்லின்றித் திகைப்பதுண்டு. அவ்வேளையில் விளக்கம் வேண்டியதில்லை. வீட்டு விதைநெல்லில் 100 மணிகளை ஈரச்சாக்கில் இட்டு வைத்தாற் போதும். முளைத்தவற்றைத் தந்தையே எண்ணிக்கொள்வார்.