பற்சில்லின் அளவும் இயந்திரத்தின் வலுவும்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமம் வயல்களில், சேறடிக்கும் காலத்தில் ஒரு காட்சியைக் காணலாம். இருசில்லு உழவு இயந்திரம் மேட்டில் விரைந்து செல்கின்றது. ஆழச் சேற்றில் இறங்கியதும் முனகி நின்றுவிடுகின்றது. இயந்திரத்தின் வலுக் குறைந்துவிட்டது எனக் கமக்காரர் எண்ணுகின்றார். பல வேளைகளில் குறை இயந்திரத்தில் இல்லை. தெரிந்தெடுத்த கியரிலேயே உள்ளது.

இதன் காரணம் எளிது. 20 பற்களுள்ள சிறு சில்லு, 60 பற்களுள்ள பெருஞ் சில்லைச் சுழற்றுகின்றதெனக் கொள்வோம். சிறியது மூன்று முறை சுற்றினால்தான் பெரியது ஒரு முறை சுற்றும். ஆகவே வேகம் மூன்றிலொன்றாகின்றது. ஆனால் சுழற்றும் விசை, உராய்வினால் இழப்பது போக, ஏறக்குறைய மும்மடங்காகின்றது. பெரியது சிறியதைச் சுழற்றினால் வேகம் கூடும், விசை குறையும். இரண்டையும் ஒருங்கே கூட்ட இயலாது. அலவாங்கினால் கல்லைப் புரட்டும்போது கை நெடுந்தூரம் அசையக் கல் சிறிதே அசைவதும் இந்த நியாயத்தாலேயே.

ஆகையால் சேற்றிலும், சுமையுடன் மேட்டிலும் தாழ்ந்த கியரையே பயன்படுத்துக. சேற்றில் இறங்குமுன்பே அதனை மாற்றிக்கொள்ளல் வேண்டும். உயர்ந்த கியரில் கிளச்சை அரைகுறையாகப் பிடித்து ஓட்டினால் அது சூடேறித் தேய்ந்துவிடும்.

நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில் வெங்காயம் பயிரிடுவோரும் இதனை அறிதல் நன்று. வார் பூட்டி ஓட்டும் நீரிறைக்கும் இயந்திரத்தில் கப்பியின் விட்டமே பற்களின் இடத்தை வகிக்கின்றது. எஞ்சினின் கப்பி 6 அங்குலம், அதன் வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று, பம்பின் கப்பி 4 அங்குலம் எனில், பம்பு 2250 முறை சுற்றும். கூடுதல் நீரை விரும்பி 3 அங்குலக் கப்பியைப் பூட்டினால் வேகம் 3000 சுற்றாகும். நீர் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே கூடும். வேண்டப்படும் வலுவோ இரு மடங்கையும் தாண்டும். எரிபொருள் வீணாகும், வார் வழுக்கும், எஞ்சினும் பழுதடையும். எனவே பம்பின் தகட்டிற் குறித்த வேகத்தை மீறலாகாது.

கப்பியை மாற்றுமுன் எஞ்சினை நிறுத்துக. ஓடும் வாரின் அருகே சாரத்தைத் தொங்கவிடாது மடித்துக் கட்டுக, வாருக்கு மூடியிடுக. எஞ்சினைக் கழற்றிப் பார்க்குமுன் சில்லின் பற்களை எண்ணுக, கப்பியை அளந்து பார்க்குக. பெருஞ் செலவு மிச்சமாகும்.